கான்கிரீட் பார்க்கப் போன சனிக்கிழமை

எவர்சில்வர் சாப்பாட்டுக் கேரியரால் என் கணவனின் முன்பற்களை உடைத்த அன்று, காலையிலிருந்து நான் கட்டடங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதையைக் கேட்கிறவர்கள் நேராகப் பல்லுக்கு வந்துவிடுகிறார்கள். கட்டடங்களைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு. ஆகவே கட்டடங்களிலிருந்தே தொடங்குகிறேன், பல் தானாக வரும்.

சுங்கைப் பட்டாணியில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் வரைபடம் வரைவது என் வேலை. முதலாளி தாளில் கிறுக்கித் தருவதைக் கணினியில் சுத்தமாக இழுத்துக் கொடுப்பேன். வருகிறவர்கள் எல்லோருக்கும் முகப்பில் ரோமாபுரித் தூண் வேண்டும், வாசலில் சிங்கம் வேண்டும். வரைந்து கொடுத்துவிட்டு மனதுக்குள் திட்டிக்கொள்வேன். எனக்குப் பிடித்ததெல்லாம் சுதந்திரம் கிடைத்த காலத்தில் இந்த நாட்டில் எழுந்த கட்டடங்கள்தான். பூவேலை கிடையாது. வெயிலை மறைக்கச் சிமெண்டுப் பலகை, காற்று வர ஓட்டைபோட்ட சுவர், பாரத்தைத் தாங்கத் தூண். ஊற்றியபோது அடித்த மரப்பலகையின் ரேகைகூடக் கான்கிரீட்டில் அப்படியே தெரியும். எதையும் பூசி மெழுகவில்லை. பூசி மெழுகுவதையே தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்ததால்தானோ என்னவோ, சின்ன வயதிலிருந்தே எனக்கு அவற்றின்மேல் ஒரு பைத்தியம்.

அவை ஒவ்வொன்றாக இடிபட்டுக்கொண்டிருந்தன. மிச்சம் இருப்பதையாவது ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிட வேண்டும், சுங்கைப் பட்டாணியில் தொடங்கி அலோர் ஸ்டாரில் முடிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அண்ணன் காரோட்ட ஒத்துக்கொண்டார். அம்மாவும் வருகிறேன் என்றார். அம்மா செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர். கோயிலையும் ஆஸ்பத்திரியையும் தவிர வேறு கட்டடத்தை அவர் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அவர் வருகிறேன் என்றபோதே நான் யோசித்திருக்கலாம். எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

என் கணவனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இனி அவனை அவன் என்றுதான் எழுதுவேன். மரியாதையெல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. போன மழைக்காலத்தில் நான் அவன் வீட்டைவிட்டு வந்து அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். அதற்குக் காரணம், காரில் அண்ணன் வீட்டுக்கு வந்த ஒரு நாள். எந்தச் சாலைச் சந்திப்பில் திரும்ப வேண்டும் என்ற பேச்சில் அவனுக்கு மாறாக ஒரு வார்த்தை சொன்னதற்காக, என் வலது கையைக் காரின் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். சாத்திவிட்டுக் கதவின்மேல் சாய்ந்து நின்று சிகரெட் பற்றவைத்தான். கை உள்ளேதான் இருந்தது. நடுவிரலும் மோதிர விரலும் இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை. அதற்கு முன் முடியைப் பிடித்து இழுத்தது, சுவரில் மோதியது, கழுத்தை நெரித்தது எல்லாம் உண்டு. எல்லாம் வீட்டுக்குள் நடந்தவை, பார்த்தவர்கள் இல்லை. கதவு மட்டும் வெளியே, அண்ணன் வீட்டு வாசலில். அதை அம்மாவும் அண்ணனும் பார்த்தார்கள்.

கட்டுப்போட்ட கையோடு நான் போலீசுக்குப் போனேன். அம்மா பின்னாலேயே வந்து, அது குடும்பச் சண்டை, நாங்கள் பேசித் தீர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி என்னைத் திரும்ப அழைத்துக்கொண்டு போய்விட்டார். பேசித் தீர்ப்பது என்றால் எங்கள் ஆட்களிடம் ஒரே அர்த்தம்தான், பெண் திரும்பிப் போவது. நான் போகவில்லை. விவாகரத்துக்கும் அவன் என்னை நெருங்காமல் இருக்க ஓர் உத்தரவுக்கும் அலைந்தேன். கண்ணால் பார்த்த ஒருவர் சொன்னால் நல்லது என்றார் வக்கீல். அண்ணன் கோர்ட்டு வம்பெல்லாம் வேண்டாம் என்று கழன்றுகொண்டார். அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா வாயைத் திறக்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். இந்த நிலைமையில்தான் நாங்கள் மூவரும் அந்தச் சனிக்கிழமை காலை காரில் ஏறினோம். அம்மா பின்சீட்டில், மடியில் பெரிய எவர்சில்வர் கேரியரோடு.

முதலில் சுங்கைப் பட்டாணியில் மூடிக்கிடந்த பழைய சினிமாக் கொட்டகை. அதன் முகப்பில் கீழே ஒரு தூண்கூட இல்லாமல் தெருவை நோக்கி நீண்ட கான்கிரீட் கூரை ஒன்று உண்டு. அதை வரைந்தவனின் தைரியத்தை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். நாங்கள் போய் இறங்கியபோது சுற்றிலும் தகரம் அடைத்திருந்தார்கள். உள்ளே உடைப்பு இயந்திரம் ஒன்று அந்தக் கூரையைக் குத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குத்துக்கும் கான்கிரீட் உதிர்ந்து உள்ளேயிருந்த கம்பிகள் வெளியே வந்தன. கூரை லேசில் விழவில்லை. நாலைந்து குத்து வாங்கிக்கொண்டு அப்படியே நின்றது. பிறகு ஒரு பக்கம் தொங்கியது, பிறகு மொத்தமாக இறங்கியது. தரை அதிர்ந்தது. வாய்க்குள்ளெல்லாம் தூசி.

நான் தகரத்தைக் கையால் அறைந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது. இயந்திரத்தில் இருந்த வெளிநாட்டுப் பையன் ஒன்றும் புரியாமல் எனக்குக் கையாட்டினான். அண்ணன் வந்து என் தோளைப் பிடித்துக் காருக்கு இழுத்தார்.

"கட்டடத்துக்கு இந்த வாயி கிழியுது. தாலி கட்டுனவருக்கு ஒரு போன் போட முடியல" என்றார் அம்மா.

"கட்டடம் என் கைய ஒடைக்கலம்மா."

"ஐயோ, காலையிலேயே ஆரம்பிக்காதீங்க லா" என்றார் அண்ணன். "பாத்தமா, சாப்டமா, போனமான்னு இருப்போம்."

அண்ணன் தொழிற்சாலையில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். நல்ல மனிதர்தான், யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டார். யாருக்காகவும் எழுந்து நிற்கவும் மாட்டார். தங்கை கணவன் என்றால் அவருக்குக் கோயில் தலைவர் மாதிரி. என் கை கதவிடுக்கில் இருந்தபோதுகூட, "மாப்ள, கொஞ்சம் கதவ தொறங்க" என்று கேட்டுக்கொண்டவர்.

குருண் தாண்டிப் பழைய ரோட்டிலேயே போனோம். அம்மா பின்னாலிருந்து தன் வழக்கமான பேச்சைத் தொடங்கினார். அதை எனக்குத் திருப்பிச் சொல்லக்கூட வரும்.

"உங்கப்பா அடிக்கலியா? நான் இருந்தேன்ல? நானும் உன்ன மாதிரி பேக்கத் தூக்கிக்கிட்டுக் கெளம்பியிருந்தா நீங்க ரெண்டு பேரும் இன்னிக்கி எங்க இருந்திருப்பீங்க?"

நான் வெளியே வயலைப் பார்த்தேன். அப்பா அடித்தார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அநேகமாக எல்லா அப்பாக்களும் அடித்தார்கள். வீட்டுக்கு வீடு பலகைச் சுவர்தான் தடுப்பு. எங்கள் வீட்டில் சத்தம் எழுந்தால் பக்கத்து வீட்டில் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். அதுதான் அவர்கள் செய்யும் உதவி. நானும் அண்ணனும் அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த ரேடியோவைக் கேட்போம்.

"கடசி காலத்துல மனுசன் எப்டி மாறிட்டாரு. மாறுவாங்கமா. பொம்பளைங்கதான் பொறுத்துப் போவணும்."

அப்பா உண்மையிலேயே மாறியிருந்தார். நான் பாலிடெக்னிக் படிக்க வெளியூர் போயிருந்த வருடங்களில் அவருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் படுக்கையில் அமைதியாகக் கிடந்தார். அம்மா ஊட்டிவிடுவார், துடைத்துவிடுவார். பார்க்கிறவர்கள் எல்லாம் உருகிப்போனார்கள், நானும்தான். என்னை வெட்டிப் போட்டாலும் திரும்பிப் போகமாட்டேன் என்று வாய் சொன்னாலும், ஒருவேளை நான்தான் அவசரக்காரியோ என்று உள்ளே ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. அதைக் குத்தியது இந்தப் பேச்சுதான்.

அலோர் ஸ்டாரில் முதலில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. படிக்கட்டு நெடுக ஓட்டைபோட்ட சிமெண்டுக் கற்களால் கட்டிய திரைச்சுவர். வெயில் அதன் வழியாகச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் படியில் விழுந்திருந்தது. காற்று எங்கிருந்தோ வந்துகொண்டேயிருந்தது. நான் படியின் உயரத்தைச் சாணால் அளந்தேன். ஏறும்போது மூச்சு வாங்காத உயரம், யாரோ யோசித்துப் போட்ட கணக்கு. அம்மா கீழ்ப்படியில் உட்கார்ந்து போனில் யாருடனோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் எனக்குச் சொர்க்கம்.

மூன்றாம் மாடிக்குப் போனபோது உள்ளே ஒரு வீட்டிலிருந்து சத்தம். முதலில் ஏதோ விழுந்தது. பிறகு தொப் தொப் என்று அடி. பிறகு ஒரு பெண்ணின் குரல், வார்த்தை இல்லாமல். காற்றை விடுகிற சுவர் சத்தத்தையும் விடும், அதைக் கட்டியவர் என்ன செய்வார். நான் நேரே போய் அந்த வீட்டு இரும்புக் கதவை இடது முஷ்டியால் குத்தினேன். குத்திக்கொண்டே இருந்தேன். உள்ளே அடங்கியது. யாரும் திறக்கவில்லை. அம்மா மூச்சிரைக்க மேலே ஏறி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"யாரு வூட்டு விஷயமோ. நமக்கெதுக்கு? வா, சாப்பாடு ஆறிப்போவுது."

என் முஷ்டியில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அது எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக வைத்திருந்தது ஆற்றோரத்தில் இருக்கும் ஒரு பழைய அரசாங்க அலுவலகக் கட்டடம். மொத்தக் கட்டடத்தையும் பருத்த தூண்கள்மேல் தூக்கி நிறுத்தியிருப்பார்கள், கீழே வெறும் இடம், நல்ல நிழல். நான் பார்த்ததிலேயே அழகான இடம் அதுதான் என்பேன். கெடா மாநிலத்தில் வெள்ளி சனி அரசாங்க விடுமுறை என்பதால் ஈ காக்கை இல்லை. காரைத் தூண்களுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினோம். அம்மா பாயை விரித்துக் கேரியரைத் திறந்தார். கோழிப் பிரட்டல், கத்தரிக்காய், கருவாட்டுச் சம்பல். எங்கள் மூன்று பேரில் கருவாடு யாரும் தின்பதில்லை. அம்மா நான்கு தட்டு வைத்தார். நான் அந்த நான்காவது தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் கார் உள்ளே திரும்பியது.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் பெண்டாட்டி பிரிந்துபோனால், மாமியார் தன் கையால் சமைத்து மருமகனைச் சாப்பிடக் கூப்பிடுவார். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பரிமாறுவார். மருமகன் ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டால் சண்டை முடிந்தது என்று கணக்கு. அதற்குப்பின் அந்தப் பெண் பேசக் கூடாது. அவன் இருக்கும் எந்த வீட்டுக்கும் நான் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். அதனால் அம்மா விருந்தை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்துவிட்டார். நான் வருடக்கணக்காக ஆசைப்பட்ட ஒரு நாளை எடுத்து, எனக்குப் பிடித்த கட்டடத்தின் அடியிலேயே விரித்துவிட்டார். எனக்குப் பற்றி எரிந்தது. அவன்மேல்கூட இல்லை, அம்மாமேல்.

அவன் புதுச் சட்டை போட்டு, முடி வெட்டி, மாப்பிள்ளை மாதிரியே வந்தான்.

"வாங்க மாப்ள, உக்காருங்க" என்றார் அம்மா. "பாப்பா, நீயும் உக்காரு."

"வாங்க மாப்ள" என்றார் அண்ணனும். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அவன் பாயில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, ஒரு கவளத்தை வாயருகே கொண்டுபோனான். நான் குனிந்து அவன் தட்டை எடுத்துத் தூணில் அடித்தேன். சோறும் கருவாடும் கான்கிரீட்டில் ஒட்டி வழிந்தன.

"வீட்டுக்கு வரியா இல்லியா?" என்றான் அவன், இன்னும் சாந்தமாக.

"உன் வீட்டுக்கு என் பொணம்கூட வராது."

எழுந்தவன் அறைந்தான். காது அடைத்து ஒரு பக்கம் உலகம் ஊமையானது. இரண்டாவது அறையில் விழுந்தேன். வயிற்றில் உதைத்தான். அம்மா, "மாப்ள, சாப்புடுங்க மாப்ள, அவ கெடக்குறா" என்று கெஞ்சுவது எங்கோ கேட்டது. அவன் தன் காருக்கு நடந்து போய் ஸ்டியரிங் பூட்டை எடுத்துக்கொண்டு வந்தான். ஒரு முழ நீள இரும்பு. முதல் அடி அண்ணன் காரின் முன்கண்ணாடிக்கு, இரண்டாவது பக்கக் கண்ணாடிக்கு. கண்ணாடி உடைந்து கொட்டும்போது அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, "மாப்ள, வேணாம் மாப்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காரைத் துவம்சம் செய்கிறவனுக்கும் மரியாதை குறையவில்லை.

பிறகு அவன் என் பக்கம் திரும்பினான். நான் முட்டி போட்டு எழுந்துகொண்டிருந்தேன். இரும்பு மேலே போவதைப் பார்த்தேன். குறுக்கே ஒரு கை வந்தது. அம்மாவின் கை. மணிக்கட்டுக்கு மேலே இரும்பு இறங்கியது, காய்ந்த விறகு முறிகிற சத்தம். அம்மா கத்தவில்லை. முன்கை நடுவில் மடங்கித் தொங்கியது. அவர் அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு அப்படியே பாயில் உட்கார்ந்தார்.

அவனும் ஒரு கணம் நின்றுவிட்டான். எனக்கு அந்தக் கணம் போதுமாயிருந்தது. பரிமாறியதும் ஈ மொய்க்காமல் அம்மா திரும்ப அடுக்கிப் பூட்டியிருந்த கேரியரைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். மேலடுக்கு மட்டும்தான் காலி, கீழே மூன்று அடுக்கும் நிறைய. அதைச் சுழற்றி அவன் வாயில் அடித்தேன். பல் உடைவது கைப்பிடி வழியாக என் தோள்வரை தெரிந்தது. இரும்பு அவன் கையிலிருந்து விழுந்தது. மறுபடி அடித்தேன். அடுக்குகள் கழன்று பறந்தபின் வெறும் சட்டத்தால் அடித்தேன். அவன் தூணைப் பிடித்துக்கொண்டு சரிந்தான், பலகை ரேகை தெரிந்த அந்த அருமையான கான்கிரீட்டில் ரத்தத்தைத் தேய்த்துக்கொண்டே. சந்தோஷமாக இருந்தது. மறைக்கமாட்டேன். என் ஆயுளில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கொன்றிருப்பேன்.

கட்டடத்துக் காவல்காரர் பின்பக்கத்திலிருந்து அலறிக்கொண்டு ஓடி வந்தது அப்போதுதான். அவர் கண்ணில் பட்டது, கீழே கிடக்கும் ஓர் ஆணை ஒரு பொம்பளை இரும்புச் சட்டத்தால் அடிப்பது மட்டும். என் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார்கள், அவரும் அண்ணனும். அன்று அண்ணன் யாரையாவது தடுத்தார் என்றால் என்னைத்தான்.

எங்கள் எல்லோரையும் ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். கையைப் பார்த்த இளம் டாக்டர் எப்படி ஆனது என்று மலாயில் கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை. "ஜாத்தோ" என்றார். விழுந்துவிட்டேன். அந்த வார்த்தை அவ்வளவு பழக்கமாக அவர் வாயில் வந்தது.

அண்ணன் என்னை ஓரமாக அழைத்துப் போனார். அவர் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"மாப்ள ரிப்போட் போட்டாரு. பேச முடியல, எழுதிக் காட்டிருக்காரு. நீதான் சும்மா அடிச்சியாம், அம்மா தடுக்கப் போயி விழுந்தாங்களாம். காவல்காரரும் அப்டிதான் பாத்தேன்னு சொல்றாரு. நீ வீட்டுக்கு வந்துட்டா ரிப்போட்டத் திரும்ப வாங்கிக்கிறேன்றாரு."

"நீங்க பாத்தீங்கல்ல அண்ணே?"

"நான் கண்ணாடியப் பாத்துக்கிட்டு இருந்தேன்மா. சரியாப் பாக்கல."

அண்ணனை அடிக்க எனக்குக் கையில் தெம்பில்லை. அம்மா எக்ஸ்ரே அறைக்கு வெளியே நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, நீங்க விழுந்தேன்னு சொன்னா ரெண்டுல ஒண்ணுதான். நான் அவன் வீட்டுக்குப் போவணும், இல்லாட்டி ஜெயிலுக்குப் போவணும்."

அம்மா தரையைப் பார்த்தார். "அவரு என்னை அடிக்கணும்னு அடிக்கலியே. உன்ன அடிக்க வந்தது."

"அப்ப அது பரவால்லியா?"

மருந்து வாடை, தள்ளுவண்டிச் சத்தம். மடியில் கிடந்த முறிந்த கையைப் பார்த்தபடி அம்மா கேட்டார். "நான் கைய வைக்கலன்னா எங்க விழுந்திருக்கும்?"

"தலையிலம்மா."

"தலையில" என்று அவரும் ஒரு தடவை சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குள்ளேயே போலீசுக்கு ஒரு சின்ன அறை உண்டு. மாவுக்கட்டு போட்ட கையோடு அம்மாவை அங்கே உட்காரவைத்தார்கள். முக்காடு போட்ட இளம் போலீஸ்காரி கணினிக்கு முன்னால் இருந்தார். அம்மாவை மக்சிக், அதாவது பெரியம்மா, என்று மரியாதையாகக் கூப்பிட்டு, யார் அடித்தது, இல்லை விழுந்தீர்களா என்று கேட்டார். அம்மா சந்தையில் மலாயில் பேரம் பேசுகிறவர். அன்றைக்கு என்னைப் பார்த்து, "தமிழ்ல சொல்றேன், நீ சொல்லு. மலாயில சொன்னா சின்னதாப் போயிரும்" என்றார். முறைப்படி வேறு ஆள் வந்து மொழிபெயர்க்க வேண்டும், இப்போதைக்குச் சொல்லட்டும் என்று போலீஸ்காரி தலையசைத்தார்.

"என் புருஷன்" என்றார் அம்மா.

"உங்க புருஷன் இல்லம்மா. என் புருஷன்."

"அவன் இன்னிக்கி. அதுக்கு வரேன். மொதல்ல உங்கப்பா."

"அப்பா செத்துட்டாரும்மா. செத்தவர் மேல ரிப்போட் எடுக்க மாட்டாங்க."

"எடுக்காட்டி போவட்டும். நீ சொல்லு."

சொன்னேன். போலீஸ்காரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு மறுவாரம் முதல் அடி என்றார் அம்மா. பால்வாளி தூக்கும் காண்டாக் கம்பால் அடித்துத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில், மழையில் வழுக்கி விழுந்தேன் என்றார். அந்தத் தோளிலேயே வாளி தூக்கினார். நான் ஒவ்வொரு வாக்கியமாக மலாயில் சொன்னேன். அடி, உதை, முறிவு, எல்லாவற்றுக்கும் வார்த்தை இருந்தது. என் குரல் அலுவலகத்தில் அளவு படிக்கிற மாதிரி சீராக வந்தது, எனக்கே ஆச்சரியம்.

எப்போது நின்றது என்று கேட்டார் போலீஸ்காரி. இது எனக்குத் தெரிந்த விஷயம். அம்மாவைக் கேட்காமல் நானே பதில் சொன்னேன், அப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்ததோடு நின்றது என்று. அம்மாவுக்கு அது புரிந்துவிட்டது. தலையை ஆட்டினார்.

"தப்பா சொல்ற. எடது கை இருந்துச்சே."

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன்.

"படுத்த பொறவும்தான். சாவுறதுக்கு முந்துன வாரம் வரைக்கும். டீ சூடு பத்தலன்னு. பலமா இருக்காது, வலிக்காது. ஆனா அடிக்காம விடல. படுத்துக்கிட்டுருக்கவருக்கு எட்டாதுல்ல? அதுனால கிட்ட வா, கிட்ட வான்னு கூப்புடுவாரு. நீங்கள்லாம் ஆசையாக் கூப்புடுறாருன்னு நெனப்பீங்க."

"நீங்க என்னம்மா செஞ்சீங்க?"

"போவேன்."

போலீஸ்காரி என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். நான் சொல்லத் தொடங்கினேன். எட்டாது என்பதற்கு மலாய் வார்த்தை அந்த நேரத்தில் வரவில்லை. கையை நீட்டி, நடுவில் நிறுத்திக் காட்டினேன். பிறகு, இவர் போய்க் குனிவார் என்று சொன்னேன். என் குரல் அப்போதுதான் போனது.

அம்மா எனக்காகக் காத்திருக்கவில்லை. நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டு, கட்டுப்போட்ட கையைத் தூக்கி மேசைமேல் வைத்து, அந்தப் பெண்ணிடம் தானே மலாயில் சொன்னார். நான் விழவில்லை, என் மருமகன் அடித்தான், இரும்பால், என் மகள் தலையைப் பார்த்து அடித்தான்.